பிரிந்து வந்தாச்சு, பணக்கணக்கை எங்கிருந்து பிரிப்பது?

கணவரைப் பிரிந்து, அம்பாசமுத்திரத்திலிருந்து ரெண்டு பையும் பிள்ளையுமாகப் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டுக்கு வந்த முதல் மாசம் முழுக்க, வீட்டில் எல்லாரும் யாருக்கு என்ன பங்கு என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். அது தப்பு. பங்கு பிரிய வருஷக்கணக்கில்கூட இழுக்கும். அதுவரை உங்கள் பேரில் புதுக்கடன் ஏறாமலும் இருக்கிற பணம் கரையாமலும் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை.

போன் நம்பரில் ஆரம்பியுங்கள். "ஒரே நம்பரா இருக்கட்டும்" என்று கல்யாணமான புதிதில் என் சம்பளக் கணக்குக்கு அவர் நம்பரைக் கொடுத்திருந்தோம், நான் பிரிந்து வந்த பிறகும் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கிளைக்கு நேரில் போய் நம்பரை மாற்றுங்கள், அன்றைக்கே ஏடிஎம் பின்னையும் யுபிஐ பின்னையும் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் கூட்டுக்கணக்கு. இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று தொடங்கியிருந்தால், ஒருவரே மொத்தத்தையும் வழித்தெடுத்துவிட முடியும். இனி இருவர் கையெழுத்தும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கணக்கிலிருந்து ஏதாவது தவணை போகிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

தவணையில்தான் நான் அடிபட்டேன். வீடு அவர் பேரில், கடனில் மட்டும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தேன். "நான் கெட்டிக்கிடுதேன், நீ கவலப்படாத" என்றார், நம்பிவிட்டேன். ஸ்கூட்டருக்குக் கடன் கேட்டுப் போன இடத்தில்தான் மூன்று தவணை பாக்கி என் பேரிலும் ஏறியிருப்பது தெரிந்தது. நீங்கள் இருவரும் பேசிக்கொண்டதோ விவாகரத்துத் தீர்ப்போ வங்கியின் கடன் பத்திரத்தை மாற்றாது. வங்கி சம்மதித்து உங்கள் பேரை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர் தன் பேரில் மட்டும் வேறு வங்கிக்குக் கடனை மாற்ற வேண்டும், அல்லது வீட்டை விற்று அடைக்க வேண்டும். அதுவரை மாசாமாசம் தவணை போனதா என்று பாருங்கள். யார் பேரில் என்ன கடன், எவ்வளவு பாக்கி என்று பதிவு வைக்கும் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலிலும் வருஷத்துக்கு ஒரு அறிக்கை இலவசம், மூன்று மாசத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எடுத்தால் வருஷம் முழுக்கக் கண் வைத்திருக்கலாம்.

நகைக்கு ஒரு ராத்திரி ஒதுக்குங்கள். அம்மா பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள், கல்யாண ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, இந்த ரெட்டை வடம் ஆச்சி போட்டது, இந்த நெளி மோதிரம் மாமா செய்முறை என்று அவள் சொல்லச் சொல்லப் பிள்ளையின் நோட்டில் எழுதினேன். பழைய பில் கிடைத்ததற்கெல்லாம் பக்கத்தில் எடையும் போட்டோம். சீதனம் பெண்ணின் முழுச் சொத்து, கணவர் அதில் பங்காளி இல்லை என்று பிரதிபா ராணி வழக்கில் 1985லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அவர் பேரில் அடகில் இருக்கும் நகையை நீங்கள் போய்த் திருப்ப முடியாது, அதனால் யார் பணம் கட்டி எந்தத் தேதிக்குள் திருப்பித் தருவது என்பதை, பிரியும்போது நீங்கள் இருவரும் போடும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

காப்பீட்டிலும் வைப்புத்தொகையிலும் நாமினி யார் என்று ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். 1987ல் வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு, அதற்கான 15100 என்ற உதவி நம்பருக்குக் கூப்பிடலாம். ஜீவனாம்சம் கேட்டால் இருவருமே சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. இதுவரை சேர்த்த சீல் போட்ட நகலும் நகை நோட்டும் அங்கேதான் கைகொடுக்கும்.

கடைப் பற்றை யாரும் நினைப்பதில்லை. நான் அம்பாசமுத்திரத்துக்கு ஒரு நடை போய், அண்ணாச்சி கடையில் பாக்கியைக் கட்டிவிட்டு, இனி என் பேரில் பற்று எழுத வேண்டாம் என்று சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டை எடுத்து, என் பேருக்குக் கீழே கோடு இழுத்து, தேதி போட்டு என்னிடம் காட்டினார்.