முதலில் எத்தனை கலர் என்று எண்ணுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் 26 வருஷமாக ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்கிறேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியாக மையைத் தள்ளி அச்சடிப்பது. பெரும்பாலும் கல்யாணத்துக்குக் கொடுக்கிற மஞ்சப்பை. கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில் முதல்முறை நவீன அச்சோவியங்கள் (ஓவியர்களே தகட்டிலோ ஸ்க்ரீனிலோ உருவாக்கித் தாளில் அச்செடுத்த படங்கள்) பார்த்தபோது, பக்கத்தில் நின்றவர் "இது மீனா, பறவையா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. எத்தனை கலர் ஓட்டியிருக்கிறார்கள் என்றுதான் எண்ணினேன். இந்த மாதிரிப் படங்களைப் பார்க்க நீங்களும் அப்படியே தொடங்கலாம்.

ஒரு முழம் தள்ளி நின்று, இரண்டு வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தைத் தேடுங்கள். மஞ்சள்மேல் நீலம் மெல்லிசாக ஏறினால் நடுவில் பச்சை பிறக்கும். எது முதலில் விழுந்தது, எது பிறகு என்று அங்கே பிடிபட்டுவிடும். அப்புறம் ஓரங்களைப் பாருங்கள். இரண்டு கலருக்கு நடுவே மயிரிழை வெள்ளை தெரிந்தால், எங்கள் கடையில் அது ரிஜிஸ்டர் விலகல், அதாவது கலர்கள் சரியாகப் பொருந்தாத தவறு. பை திரும்பி வந்துவிடும். ஆனால் ஓவியர் வேண்டுமென்றே அப்படி விடுவதுண்டு. அந்த இடைவெளியில்தான் வடிவம் துள்ளுகிற மாதிரி இருக்கும். கீழே பென்சிலில் 3/25 என்று இருந்தால், 25 பிரதிகளில் மூன்றாவது.

அச்சோவியர் கிருஷ்ண ரெட்டியின் அச்சு எங்கேயாவது கிடைத்தால் விடாதீர்கள். கலாக்ஷேத்ராவில் ஓவியம் சொல்லிக்கொடுத்து, பிறகு பாரிஸ் போனவர். எங்களுக்குக் கலருக்கு ஒரு ஸ்க்ரீன் வேண்டும். அவர் ஒரே தகட்டைப் பல ஆழங்களில் செதுக்கி, மேட்டில் கெட்டி ரோலராலும் பள்ளத்தில் மெத்தென்ற ரோலராலும் மை ஏற்றுவார். எண்ணெய் அதிகமான மை முதலில் படிந்துவிட்டால், மேலே வரும் கெட்டி மை அதில் ஒட்டாது. இப்படிப் பல கலரும் ஒரே இழுப்பில் தாளுக்கு வந்துவிடும். அச்சுத் தொழிலில் இருக்கிறவனுக்கு இதைக் கேட்டாலே சிலிர்க்கும்.

சரி, வீட்டில் கண்ணைப் பழக்க காத்தாடிப் பேப்பர் போதும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி அமைத்த 20 படங்கள் ஸ்டென்சில் வைத்து அச்சாகி 1947இல் வெளிவந்தன. அதுபோல பென்சில் கோடு போடாமல் நேராக வெட்டுங்கள். துண்டுகளை ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் தொட்டு ஒட்டி, நகர்த்தி நகர்த்திப் பாருங்கள்.

போன ஞாயிறு என் மகள் ஒரு சிவப்புத் துண்டை லேசாகச் சாய்த்தாள். அதுவரை சும்மா இருந்த நீல வட்டம் உருளப்போகிற மாதிரி ஆகிவிட்டது. இன்னும் அதை ஜன்னலிலிருந்து எடுக்கவில்லை.