முதல் 200 கிலோமீட்டர் சைக்கிள் பயணம்: குமரி மாவட்டத்துக்காரர் தயாராவது எப்படி?

பி.ஆர்.எம். எனப்படும் நெடுந்தூர சைக்கிள் பயணத்தைப் பலர் பந்தயம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். இதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. 200 கி.மீ.யை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் போதும். வழியில் கன்ட்ரோல் எனப்படும் இடங்களில் நேரத்துக்குள் வந்ததைப் பதிவு செய்ய வேண்டும். பின்னால் கார் வைத்துக்கொண்டு தண்ணீர் வாங்கிக் குடிப்பதெல்லாம் கூடாது. பஞ்சரானாலும் பசித்தாலும் உங்கள் பாடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 20 கி.மீ. வீதம் மிதித்தால் 10 மணி நேரத்தில் தூரம் முடிந்துவிடும். மிச்சம் மூன்றரை மணி நேரம். அதை டீக்கடையில் தொலைக்காமல் இருந்தால் வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

படி 1: வண்டி

விலை உயர்ந்த வண்டி தேவையில்லை. பிரேக், செயின் சரியாக இருக்கட்டும். சீட் உயரம்தான் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முட்டி வலி நிச்சயம்.

படி 2: தூரம்

வாரத்தில் இரண்டு நாள் சின்ன ஓட்டம், ஞாயிறன்று நீண்ட ஓட்டம். நாகர்கோவிலில் இருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி போய்த் திரும்பினால் ஏறக்குறைய 40 கி.மீ. அங்கே தொடங்கி வாரம் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். ஏற்றம் பழக, குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் போகலாம். ரப்பர் தோட்ட நிழல் இலவசம். 120 கி.மீ.யை ஒருமுறை சிரமமில்லாமல் முடித்துவிட்டால் பெயர் கொடுக்கலாம்.

படி 3: காற்று

நம்மூரில் மலையைவிடக் காற்றுதான் வாத்தியார். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி கணவாய் வழியே மேற்குக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. தோவாளை தாண்டிக் கிழக்கே போகும்போது காற்று தள்ளும், நாம் பெரிய வீரர் என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். அப்போது ஸ்பீடோமீட்டரைப் பார்க்காதீர்கள். இரண்டு கியர் குறைத்து, முழங்கையை மடக்கித் தாழ்ந்து, கால் சுற்றும் வேகத்தை மட்டும் மாறாமல் வைத்திருங்கள்.

காவல்கிணறிலிருந்து தெற்கே கன்னியாகுமரிக்கு இறங்கினால் காற்று வலப்பக்கம் இருந்து அடிக்கும். லாரி நம்மைக் கடக்கும்போது அது காற்றை மறைத்துவிடும். வண்டி சட்டென்று லாரிப் பக்கம் சாயும். லாரி போனதும் மறுபடி இடப்பக்கம் தள்ளும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் வண்டி ஆடும், தளர்வாகப் பிடியுங்கள். இதை நிகழ்ச்சிக்கு முன்பே பழகிவிட வேண்டும்.

படி 4: சாப்பாடு

பசிக்கும் முன் சாப்பிடுங்கள், முக்கால் மணிக்கு ஒருமுறை. மட்டிப்பழம் ஜெர்சி பையில் அடங்கும், இரண்டு வாயில் முடியும். ஏத்தன்பழம் வயிற்றில் நிற்கும். ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் ஓ.ஆர்.எஸ். அக்கானி (பதநீர்) காலையில் கிடைத்தால் விடாதீர்கள். வெயில் ஏறியபின் வேண்டாம், புளித்ததைக் குடித்துவிட்டு மிதிக்க முடியாது. மதியம் மீன்கறியோடு ஒரு பிடி பிடித்தால் அப்புறம் தூக்கம்தான்.

படி 5: பஞ்சர்

இரண்டு டியூப், டயர் கழற்றும் லீவர், பம்ப். புது டியூப் போடுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் மெதுவாகச் சுற்றித் தடவுங்கள். லாரி டயரிலிருந்து உதிர்ந்த தலைமுடி போன்ற கம்பி கண்ணுக்குத் தெரியாது, துணியில் மாட்டும். அதை எடுக்காவிட்டால் அடுத்த டியூபும் போகும். வீட்டில் இருட்டில் ஒருமுறை செய்து பாருங்கள்.

ஹெல்மெட், முன் பின் விளக்கு, மினுங்கும் மேலங்கி கட்டாயம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம் என்பதால் போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை.

கடைசி வாரம் குறைவாக ஓட்டி நிறையத் தூங்குங்கள். புது சீட், புது ஷூ எதையும் அன்றைக்கு முதல்முறையாகப் பயன்படுத்தாதீர்கள். அப்புறம், கூச்சத்தில் யாரும் சொல்லித் தராத ஒன்று: பேட் வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. தையல் உரசி நூறு கிலோமீட்டருக்குள் தோல் போய்விடும்.