ஒரு மாதத் தூக்கத்தை ஒரே படத்தில் வரைவது எப்படி?

தூக்கத்தைக் கணக்கெடுக்கும் செயலிகள் "சராசரி 7 மணி நேரம்" என்று ஓர் எண்ணைத் தரும். தினமும் 7 மணி நேரம் தூங்குபவருக்கும், 5, 9 என்று மாறி மாறித் தூங்குபவருக்கும் அந்தச் சராசரி ஒன்றுதான். வித்தியாசம் படத்தில்தான் தெரியும்.

படுத்த நேரம், எழுந்த நேரம் இரண்டை மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். மனநிலை, கனவு, டீ என்று சேர்த்துக்கொண்டே போனால் சீக்கிரம் அலுத்துவிடும். காலையிலேயே எழுதிவிடுங்கள். சாயங்காலம் யோசித்து எழுதினால் 11:20 கூட 11 ஆகிவிடும்.

ஒரு மாதம் ஆனதும் கூகுள் ஷீட்ஸுக்கு வாருங்கள். எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். நள்ளிரவில் நாளைத் தொடங்கினால் ஒரே தூக்கம் இரண்டு துண்டாகி, படத்தின் இரு ஓரங்களிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு நாளும் மாலை 6 மணிக்குத் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு 12:30க்குப் படுத்தால் 6 மணியிலிருந்து ஆறரை மணி நேரம், அதாவது 6.5. காலை 7:15க்கு எழுந்தால் 13.25. தூக்கத்தின் நீளம் 6.75.

தேதி, தொடக்கம், நீளம் என்று மூன்று பத்திகள் போதும். மூன்றையும் தேர்ந்தெடுத்து, படுக்கைவாட்டில் ஸ்டேக்டு பார் சார்ட் (ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிய பட்டைகள்) போடுங்கள். சீரீஸ் அமைப்பில் 'தொடக்கம்' பத்தியின் நிற அடர்த்தியை 0 ஆக்குங்கள். அது மறைந்துவிடும், தூக்கம் மட்டும் சரியான இடத்தில் மிதக்கும். அச்சின் உச்ச அளவு 24.

அப்புறம் படத்தை எஸ்விஜி (SVG) கோப்பாக இறக்கி, இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் திறவுங்கள். இலவசம்தான். அச்சிலுள்ள 0, 6, 12, 18 என்பவற்றை மாலை 6, நள்ளிரவு, காலை 6, நண்பகல் என்று மாற்றுங்கள். தமிழ் எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு என் தேர்வு. சின்ன அளவிலும் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். வார நாட்களுக்கு ஒரு நிறம், சனி ஞாயிறுக்கு இன்னொன்று, அவ்வளவுதான். நிலா, தலையணைப் படங்கள் எதுவும் வேண்டாம். கண் கோடுகளை விட்டு அங்கே போய்விடும்.

கணினியே வேண்டாம் என்றால் கிராஃப் தாளும் கலர் பென்சிலும் தாராளமாகப் போதும். ஜார்ஜியா லூப்பி, ஸ்டெஃபானி போசாவெக் என்ற தகவல் வடிவமைப்பாளர்கள் இருவரும் 52 வாரம் தங்கள் அன்றாடத்தை அஞ்சலட்டைகளில் கையால்தான் வரைந்து அனுப்பிக்கொண்டார்கள்.

பின்சேர்க்கை: நைட் ஷிஃப்ட் பார்க்கும் சிலர் கருத்துப் பெட்டியில் கேட்டிருந்தார்கள். மாலை 6 கட்டாயமில்லை. நீங்கள் நிச்சயமாக விழித்திருக்கும் ஒரு மணியைத் தொடக்கமாக வையுங்கள்.

மதியம் குட்டித் தூக்கம் போடுபவர்கள் இடைவெளி, இரண்டாம் தூக்கம் என்று இன்னும் இரண்டு பத்திகள் சேர்க்க வேண்டும். காலை 6க்கு எழுந்து மதியம் 2 முதல் 3 வரை தூங்கினால் இடைவெளி 8, தூக்கம் 1. இடைவெளியின் நிறத்தையும் 0 ஆக்கிவிடுங்கள்.