போலந்து முன்னோரைப் பழைய தேவாலயப் பங்குப் பதிவேடுகளில் தேடுவது எப்படி?

போலந்து வம்சாவளியைத் தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். நோவாக், கோவால்ஸ்கி போன்ற பெயர்கள் அந்த நாடெங்கும் இருப்பதால் அந்த வழி பாதியிலேயே நின்றுவிடும். முதலில் வேண்டியது ஊர்ப் பெயர். ஊர் தெரிந்தால் அது எந்தப் பங்கை, அதாவது எந்தத் தேவாலயத்தின் எல்லையை, சேர்ந்தது என்று தெரியும், பங்கு தெரிந்தால் எந்த ஏட்டைத் திறப்பது என்று தெரியும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. ஊரைக் கண்டுபிடியுங்கள்

அமெரிக்காவுக்குக் குடியேறியவரின் வழியாகத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் பிறந்த நாடு ரஷ்யா, ஆஸ்திரியா அல்லது ஜெர்மனி என்றுதான் பெரும்பாலும் இருக்கும். 1795 முதல் 1918 வரை போலந்து என்ற சுதந்திர நாடு இல்லை, மூன்று பேரரசுகள் அதைப் பங்கிட்டிருந்தன. அதனால் கணக்கெடுப்போடு நிற்காமல் கப்பல் பயணிகள் பட்டியலையும் 1906க்குப் பிந்தைய குடியுரிமை விண்ணப்பங்களையும் பாருங்கள். அங்கே போலந்துக்காரர்கள் கட்டிய தேவாலயத்தின் திருமண ஏட்டையும் விடாதீர்கள். மணமக்களின் சொந்தப் பங்கைப் பல குருக்கள் அதில் எழுதிவைத்திருக்கிறார்கள். வீட்டில் கிடக்கும் பழைய கடித உறைகளின் முத்திரைகூட உதவும்.

2. ஊரிலிருந்து பங்குக்கு

கிடைத்த பெயர் 'நோவா வியேஷ்' என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். அதற்குப் பொருள் புதிய ஊர், நம் 'புதூர்' போல. அந்தப் பெயரில் ஏராளமான ஊர்கள் உண்டு. 'டோம்ப்ரோவா'வும் அப்படித்தான். பக்கத்து நகரம், மாவட்டம் என்று இன்னொரு பெயராவது சேர்ந்து கிடைத்தால்தான் ஊரை உறுதிசெய்ய முடியும்.

எல்லாக் கிராமங்களிலும் தேவாலயம் கிடையாது. சுற்றியுள்ள பல கிராமங்களுக்கு ஒரே பங்குதான். 1880 முதல் 1902 வரை வார்சாவில் வெளிவந்த பெரிய புவியியல் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஊர்ப் பெயரைத் தேடினால் பெரும்பாலும் பங்கின் பெயரும் சேர்ந்து வரும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பங்குகள் காலப்போக்கில் பிரிந்திருக்கின்றன. 1890இல் தனிப் பங்காக இருந்த ஊரின் 1830ஆம் ஆண்டுப் பதிவு தாய்ப் பங்கின் ஏட்டில் இருக்கலாம்.

3. எந்தப் பேரரசு, எந்த மொழி

ஆஸ்திரியாவின் கையிலிருந்த கலீசியாவில் 1784 முதல் கட்டம் போட்ட ஏடுகள், மொழி லத்தீன். வீட்டு எண்ணும் இருப்பதால் ஒரே பெயருள்ள இரண்டு குடும்பங்களைப் பிரிப்பது எளிது. ஜெர்மனியின் கையிலிருந்த பிரஷ்யப் பகுதியில் லத்தீனும் ஜெர்மனும். 1874 அக்டோபர் முதல் அங்கே அரசுப் பதிவு அலுவலக ஏடுகளும் உண்டு.

தொடக்கத்தில் அதிகம் தடுமாற வைப்பது ரஷ்யாவின் கீழிருந்த போலந்து அரசின் ஏடுகள். அங்கே 1808 முதல் பங்குத்தந்தையே அரசுப் பதிவாளர். 1825 வரை யூதர்கள், லூத்தரன்களின் பதிவுகளும் பல இடங்களில் கத்தோலிக்க ஏட்டிலேயே இருக்கும். 1826 முதல் ஒவ்வொரு மதத்துக்கும் தனி ஏடு. 1868 வரை மொழி போலிஷ், அதற்குப் பிறகு ரஷ்யன்.

4. அட்டவணையில் தேடுங்கள்

பதிவுகளின் பெயர் அட்டவணை உள்ள கெனெடேகா என்ற இலவசத் தளத்தில் மாகாணத்தைத் தேர்ந்தெடுத்து, குடும்பப் பெயரை இட்டு, ஆண்டு வரம்பையும் கொடுங்கள். கணவன் குடும்பப் பெயர், மனைவியின் பிறந்தவீட்டுப் பெயர் இரண்டும் தெரிந்தால் இரண்டையும் இட்டு, இணையராகத் தேடும் பெட்டியில் குறியிடுங்கள். ஒரே தம்பதியின் பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பார்கள்.

ஒன்றும் வரவில்லையா? அந்தப் பங்கில் எந்தெந்த ஆண்டுகள் அட்டவணையாகியுள்ளன என்ற பட்டியலை முதலில் பாருங்கள். பல பங்குகளில் இடையிடையே ஆண்டுகள் விடுபட்டிருக்கும். அப்போது போலந்து அரசு ஆவணக் காப்பகங்களின் தளத்திலோ ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்திலோ உள்ள ஏட்டுப் படங்களை நேரடியாகப் புரட்ட வேண்டும். பெரும்பாலான ஏடுகளில் ஆண்டின் கடைசிப் பக்கங்களில் பெயர் அகரவரிசையும் பதிவு எண்ணும் இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

5. பதிவைப் படியுங்கள்

ரஷ்யப் பகுதிப் பதிவு கட்டத்தில் அடங்காது, ஒரே நீண்ட பத்தி. ஆனால் வரிசை மாறாது. போலிஷ் பதிவு 'ஜாவோ ஷே', அதாவது 'நடந்தது', என்று தொடங்கும். பதிவான இடம், தேதி, நேரம், பிறகு வந்து நின்ற தகப்பன், அவர் தொழில், வயது, இரண்டு சாட்சிகள், குழந்தை பிறந்த நாள், தாய், கடைசியில் குழந்தையின் பெயரும் ஞானப் பெற்றோரும். எண்களை எழுத்தால் எழுதியிருப்பார்கள். ஆகவே போலிஷிலும் ரஷ்யனிலும் எண்ணுப் பெயர்களையும் மாதப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தேதி பதிவின் தேதி, பிறந்த தேதி பிறகுதான் வரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை.

பெயர்கள் உருபேற்கும். முருகன், முருகனை, முருகனுக்கு என்று நாம் சொல்வது போலத்தான். 'கோவால்ஸ்கியேகோ' என்று இருந்தால் அது கோவால்ஸ்கியை அல்லது கோவால்ஸ்கியின். அந்தக் குடும்பத்துப் பெண் கோவால்ஸ்கா. நோவாகின் மணமாகாத மகள் நோவாகூவ்னா, மனைவி நோவாகோவா. தாயின் பெயருக்குப் பின் 'ஸ் நோவாகூவ்' என்று வந்தால் நோவாக் வீட்டில் பிறந்தவள் என்று பொருள். இந்த இரண்டு சொற்கள்தான் அடுத்த தலைமுறைக்கான வாசல், விட்டுவிடாதீர்கள்.

ரஷ்யன் ஏடுகளில் இரண்டு தேதிகள் இருக்கும்: 3/15 மே 1885 என்பது போல. முன்னது ரஷ்யாவின் பழைய ஜூலியன் நாட்காட்டித் தேதி, பின்னது நாம் இன்று பயன்படுத்தும் கிரிகோரியன் தேதி. 19ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 12 நாள், 1900 மார்ச் முதல் 13. குடும்ப மரத்தில் பின்னதை எழுதுங்கள். ரஷ்ய மொழியில் 'ஹ' எழுத்து இல்லாததால் ஹெலெனா 'கெலெனா' ஆகியிருப்பாள். லத்தீன் ஏட்டில் வொய்ச்சேஹ் 'அடால்பெர்டுஸ்' ஆகியிருப்பார், அமெரிக்காவில் ஆல்பர்ட். வொய்ச்சேஹ், அடால்பெர்டுஸ், ஆல்பர்ட் மூவரும் ஒருவரே.

6. திருமணப் பதிவைப் பிடியுங்கள்

பிறப்புப் பதிவில் ஒரு தலைமுறைதான் தெரியும். திருமணப் பதிவில் இருபுறப் பெற்றோர், பிறந்த ஊர், வயது, விதவையா என்பது, ஓலை (தேவாலயத்தில் திருமண அறிவிப்பு) வாசித்த மூன்று ஞாயிறுகள் வரை கிடைக்கும். முதல் குழந்தை பிறந்த ஆண்டிலிருந்து பின்னோக்கிப் போங்கள். திருமணம் பெரும்பாலும் மணமகளின் பங்கில் நடந்திருக்கும், கணவனின் ஊரிலேயே தேடிக் களைத்துவிடாதீர்கள். மணமக்கள் கொடுத்த ஞானஸ்நான நகல், முதல் துணையின் இறப்புச் சான்று போன்ற இணைப்புத் தாள்கள் சில பங்குகளில் தனிக் கட்டாக எஞ்சியிருக்கின்றன. மூல ஏடு எரிந்துபோன ஊருக்கு அந்தக் கட்டுத்தான் கடைசி நம்பிக்கை.

இறப்புப் பதிவை நம்பி ஏறாதீர்கள். தகவல் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். வயது பத்தாண்டுகள் தவறலாம், பெற்றோர் பெயரும் தவறலாம். பிறப்பும் திருமணமும் ஒத்துப்போனால் மட்டும் அடுத்த படி.

7. ஏடு இல்லையென்றால்

ரஷ்யாவின் கீழிருந்த போலந்து அரசுப் பகுதியில் ஒரு படி பங்கிலும் இரண்டாம் படி நீதிமன்றக் காப்பகத்திலும் இருந்தது. ஒன்று அழிந்தால் மற்றதைக் கேளுங்கள். இரண்டாம் படி என்பது கையால் பார்த்து எழுதியது, அதனால் எழுத்துப்பிழையும் விடுபட்ட வரியும் அதில் அதிகம். பிறப்புக்கு 100 ஆண்டும், திருமணத்துக்கும் இறப்புக்கும் 80 ஆண்டும் கடக்காத பதிவுகள் உள்ளூர் அரசுப் பதிவு அலுவலகத்தில் இருக்கும். நேரடி வாரிசு என்று ஆவணத்தோடு காட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

கண்ட ஒவ்வொரு பதிவுக்கும் காப்பகம், தொகுப்பு எண், ஏட்டு எண், ஆண்டு, பதிவு எண், பட எண் ஆறையும் அந்த நிமிடமே எழுதிவையுங்கள்.