இறுகிப்போன வீல் நட்டும் இரண்டடிக் கம்பியும்

திண்டிவனத்தைத் தாண்டியதும் பின்டயர் பஞ்சர். காரோடு வந்த ஸ்பேனரின் மேல் ஏறி நின்றும் நட் அசையவில்லை. டயர் கடையில் ஏர் கன்னால் கண்மண் தெரியாமல் முறுக்கியிருந்தார்கள். லாரி ஓட்டுநர் ஒருவர் இரும்புக் குழாயொன்றை ஸ்பேனரில் செருகி அழுத்திய பிறகே அது விட்டுக்கொடுத்தது.

மறுவாரம் இரண்டடி நீளப் பிரேக்கர் பாரும் (இறுகிய நட்டைக் கழற்றும் நீளக் கைப்பிடிக் கம்பி), அதன் முனையில் மாட்டி நட்டின் மேல் செருகும் 19 மி.மீ. அறுமுனை சாக்கெட்டும் என் கார் நட்டுக்குப் பொருந்தும்படி வாங்கினேன். பன்னிரு முனை சாக்கெட் வேண்டாம். இறுகிய நட்டின் மூலைகளை அது மழுக்கிவிடும். நீளம்தான் இங்கே பலம். ஒரே அழுத்தத்தில், ஓரடிக் கம்பியைவிட இரண்டடிக் கம்பி இருமடங்கு முறுக்குவிசை தரும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போடுங்கள். தூக்கிய காரில் முழு பலத்தையும் காட்டுவது ஆபத்து.

மாட்டும்போது முதலில் கையால் திருகுவேன். கடைசி இறுக்கத்துக்கு, வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என ஒலிக்கும் டார்க் ரெஞ்ச் மட்டுமே. பிரேக்கர் பாரால் இறுக்கினால் பழைய கதைதான். சிறிய கார்கள் பலவற்றுக்கு இறுக்க வேண்டிய முறுக்குவிசை 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். உங்கள் கார் கையேட்டில் உள்ள அளவையே ரெஞ்சில் வையுங்கள். அடுத்தடுத்த நட்டை இறுக்காமல் எதிரெதிராகப் போக வேண்டும். 'கிளிக்' சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிடுவேன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை சரிபார்ப்பேன். வேலை முடிந்ததும் ரெஞ்சைக் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வைத்தால் அதன் ஸ்பிரிங் தளராது.