பழைய அம்பாசடருக்கு வீட்டிலேயே இக்னிஷன் டைமிங் வைப்பது எப்படி?

பிக்கப் இல்லை, மேட்டில் இழுக்கவில்லை, வெயிலில் சீக்கிரம் சூடேறுகிறது. பழைய பெட்ரோல் அம்பாசடரில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பலரும் முதலில் கார்புரேட்டரில்தான் கை வைக்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்கவேண்டியது டைமிங். இதற்குப் பெரிய பட்டறை வேண்டாம். ஒரு பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஒரு 12 வோல்ட் பல்பு, கொஞ்சம் பொறுமை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வேலையை முடித்துவிடலாம்.

இங்கே சொல்வது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் வைத்த அம்பாசடருக்கு. பிரிட்டனின் பி.எம்.சி. பி-சீரிஸ் குடும்பத்து எஞ்சின் அது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து வந்து, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் பல பத்தாண்டுகள் தயாரானது. உங்களிடம் இருப்பது டீசல் வண்டி என்றால் அதில் பொறி விடும் பிளக்கும் இல்லை, அதற்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயிண்ட்டும் இல்லை. பின்னால் வந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சினுக்கும் இங்கே சொல்லும் அளவுகள் பொருந்தாது. பியட், மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் முறையை எடுத்துக்கொள்ளலாம். அளவுகளை மட்டும் அவரவர் வண்டியின் கையேட்டில் பாருங்கள்.

டைமிங் என்றால் என்ன?

பிளக்கில் பொறி விழுந்ததும் சிலிண்டருக்குள் இருக்கும் பெட்ரோல் கலவை மொத்தமும் ஒரே நொடியில் எரிந்துவிடுவதில்லை. தீ பரவச் சிறிது நேரம் பிடிக்கும். எரிந்து எழும் அழுத்தம், பிஸ்டன் உச்சிக்குப் போய்க் கீழே திரும்பிய உடனே கிடைத்தால்தான் அது பிஸ்டனை நன்றாகத் தள்ளும். அதனால் பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொறியை விடவேண்டும். அந்த 'சற்று முன்பு' எவ்வளவு என்பதைக் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, திரும்பும் டிகிரியில் சொல்கிறோம்.

எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஸ்லோவாக ஓடும்போது ஒரு மில்லி வினாடியில் கிராங்க் 5 டிகிரிக்கும் குறைவாகவே திரும்பும். 3000 சுற்றில் அதே நேரத்தில் 18 டிகிரி போய்விடும். வேகம் கூடக்கூடப் பொறி இன்னும் முன்னால் விழவேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. அந்த வேலையை, ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும், பக்கவாட்டில் இருக்கும் வேக்குவம் டப்பாவும் தாமாகவே பார்த்துக்கொள்ளும். நாம் வைப்பது தொடக்கப் புள்ளியை மட்டும்தான். ஆனால் அது தவறினால் அதற்கு மேல் நடப்பது எல்லாமே தவறும்.

பொறி முந்தினால் அட்வான்ஸ், பிந்தினால் ரிடார்ட். ரிடார்ட் ஆன வண்டி மந்தமாக இழுக்கும், சூடேறும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். அட்வான்ஸ் மிஞ்சினால் மேட்டில் டாப் கியரில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது உலோகம் தட்டுவதுபோல் நாக்கிங் சத்தம் கேட்கும். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் எதிர்த்து உதைக்கும். ரிடார்ட் வண்டியை இழுக்காமல் வைக்கும். நாக்கிங்கோடு தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டனே போய்விடும்.

முதலில் பாயிண்ட் இடைவெளி

தொடங்குகிறவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்யாமல் டைமிங் வைத்துப் பயனில்லை. பாயிண்ட் திறக்கும் கணத்தில்தான் பொறி பிறக்கிறது. இடைவெளி பெரிதானால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முந்தும். இடைவெளி குறைந்தால் தாமதமாகத் திறக்கும், டைமிங் பிந்தும். ஓடஓடப் பாயிண்ட்டின் குதிப்பகுதி கேமில், அதாவது நடுவில் சுற்றி அதைத் திறக்கும் நான்கு முனைத் தண்டில், உரசித் தேயும். அதனால் இடைவெளி குறைந்துகொண்டே வரும், வண்டியும் கொஞ்சம் கொஞ்சமாக ரிடார்ட் ஆகும். முன்பு நன்றாக ஓடிய வண்டி யாரும் கை வைக்காமலே சோர்ந்துபோவதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

எஞ்சின் ஆறிய பிறகு தொடங்குங்கள். வண்டி சமதளத்தில் நிற்கட்டும், கை பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டால் எஞ்சினைத் திருப்புவது சுலபம். கழற்றும் முன் எந்த வயர் எந்தப் பிளக்குக்குப் போகிறது என்று பேப்பர் ஒட்டி எழுதிவிடுங்கள். ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1-ஆம் சிலிண்டர். ஃபயரிங் ஆர்டர், அதாவது பொறி விழும் வரிசை, 1-3-4-2.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் இரண்டு கிளிப்பையும் தள்ளி, கேப்பை எடுத்து உள்ளே பாருங்கள். மெல்லிய கறுப்புக் கோடு ஓடியிருந்தால் கேப்பில் விரிசல்; மாற்றிவிடுவதே நல்லது. கேப்புக்கு அடியில் நடுவில் சுற்றும் ரோட்டரை விரலால் பிடித்து மெல்ல முறுக்கினால் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் நகர்ந்து, விட்டதும் ஸ்பிரிங் இழுத்துத் திரும்பி வரவேண்டும். திரும்பி வராவிட்டால் உள்ளே எடைகள் இறுகியிருக்கின்றன, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ரோட்டர் நகரும் பக்கம்தான் அது சுற்றும் திசை. இந்த எஞ்சினில் மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த் திசை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரோட்டரை எடுத்துவிட்டு எஞ்சினை மெல்லத் திருப்புங்கள். ஹேண்டில் இருந்தால் ஹேண்டில். இல்லையென்றால் கல்லை எடுத்து, கை பிரேக்கை விடுவித்து, டாப் கியரில் போட்டு ஒருவர் வண்டியை முன்பக்கம் அங்குலம் அங்குலமாகத் தள்ளட்டும். இக்னிஷன் சாவி ஆஃபில் இருக்கவேண்டும். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள். பழைய டிரைவர்கள் எல்லாருக்கும் இது பழக்கம். எஞ்சின் உதைத்தால் கட்டை விரல்தான் முதலில் முறியும்.

கேமின் நான்கு முனைகளில் ஒன்று பாயிண்ட்டின் குதியை முழுதாகத் தள்ளி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். பாயிண்ட் முகங்களைப் பாருங்கள். லேசாகக் கறுத்திருந்தால் மெல்லிய எமரித் தாளால் தேய்த்துத் துடைக்கலாம். ஒரு பக்கம் குழி, எதிர்ப் பக்கம் மேடு என்று இருந்தால் புதிய செட் போடுங்கள். சீக்கிரமே கருகிப்போகிற பாயிண்ட் என்றால் பாயிண்ட்டைக் கருகாமல் காக்கும் கண்டன்சரையும் மாற்றுங்கள், அதன் விலை அதிகமில்லை. லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மி.மீ. பாயிண்ட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தி, 0.015 பீலர் தகட்டை நடுவில் வைத்து நகர்த்துங்கள். தகடு லேசாக உரசிக்கொண்டு வரவேண்டும், பாயிண்ட்டைத் தள்ளக்கூடாது. ஸ்க்ரூவை இறுக்கியதும் மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது நகர்வது வழக்கம். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருந்தால் பாயிண்ட் முகத்தைப் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். கேமில் மிகக் கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும்.

பிளக்குகள் வெளியேதான் இருக்கின்றன, அவற்றையும் துடைத்து 0.025 அங்குலம் வைத்துவிடுங்கள்.

குறியைக் கண்டுபிடிப்பது

கிராங்க் புல்லியின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். டைமிங் செயின் மூடியில் சிறு முட்கள் இருக்கும். நீளமான முள் பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும், மற்றவை உச்சிக்கு முன் 5, 10 டிகிரி. வருஷக்கணக்கான எண்ணெயும் மண்ணும் இவற்றை மூடியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, வெட்டிலும் முள்ளிலும் வெள்ளை பெயிண்ட் வையுங்கள்.

1-ஆம் பிளக் ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு எஞ்சினைத் திருப்பச் சொல்லுங்கள். விரலைக் காற்று தள்ளினால் அது கம்ப்ரஷன். இதைப் பார்க்காமல் குறியை மட்டும் நம்பினால், வெளியேற்றும் சுற்றிலும் அதே குறி வந்து நிற்கும். அப்போது ரோட்டர் 4-ஆம் வயரைப் பார்க்கும்; அதை 1 என்று நினைத்து வயர்களை மாற்றினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. காற்று தள்ளும்போது மெல்லத் தொடர்ந்து திருப்பி, புல்லி வெட்டைக் கையேடு சொல்லும் டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். கையேடு இல்லையென்றால் நான் 5 டிகிரி முள்ளில் தொடங்குவேன், முடிவை ரோட்டில் பார்த்துக்கொள்ளலாம். குறியைத் தாண்டிப் போய்விட்டால் அப்படியே சற்றுப் பின்னால் இழுத்து நிறுத்தாதீர்கள். கால் சுற்று பின்னால் போய், மறுபடி முன்பக்கமாகவே குறிக்கு வாருங்கள். செயினிலும் பல்சக்கரத்திலும் இருக்கும் தளர்வு அப்போதுதான் கணக்கைக் கெடுக்காது.

நின்ற பிறகு ரோட்டரைப் போட்டு, கேப்பில் 1-ஆம் வயர் இருக்கும் இடத்தை அது பார்க்கிறதா என்று சரிபாருங்கள். டாப் கியரில் போட்டுத் தள்ளியிருந்தால் இப்போது நியூட்ரலுக்கு எடுத்து, கை பிரேக்கைப் போட்டு, கல்லை மறுபடி வையுங்கள்.

பல்பு வைத்து டைமிங்

ஓடும் எஞ்சினில் குறியைப் பார்க்க உதவும் டைமிங் லைட் வைத்திருப்பவர்கள் உடனே அதை எடுப்பார்கள். தொடங்குகிறவர்களுக்குப் பல்புதான் நல்லது என்பது என் கருத்து. எஞ்சின் ஓடாதபோதே வேலை முடிகிறது, சுற்றும் ஃபேனுக்குப் பக்கத்தில் கை போகவேண்டியதில்லை.

பல்பின் ஒரு வயரை, பொறிக்கான உயர் வோல்ட்டைத் தரும் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சிறு வயர் மாட்டியிருக்கும் முனையில் இணையுங்கள். மற்றொன்றை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் எர்த் செய்யுங்கள். காயிலின் நடு வயரைக் கேப்பிலிருந்து எடுத்து, அதன் முனையையும் எஞ்சின் இரும்பில் தொடவைத்து நிறுத்துங்கள். இப்போது இக்னிஷன் ஆன். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு எரியாது, திறந்தால் எரியும்.

டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்தில் இருக்கும் கிளாம்ப் போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள். அதற்கு முன் உடலிலும் எஞ்சினிலும் சேர்த்து ஒரு கோடு கிழித்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம். டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே உருவவேண்டாம், திருப்பினால் போதும். முதலில் ரோட்டர் சுற்றும் திசையிலேயே, பல்பு அணையும் வரை திருப்புங்கள். பிறகு எதிர்ப்பக்கம், அதாவது கடிகாரத் திசையில், மிக மெல்ல. பல்பு பளிச்சென்று எரியும் அந்த இடத்தில் கையை நிறுத்துங்கள். அதுதான் பாயிண்ட் திறக்கும் கணம். உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு கிளாம்ப்பை இறுக்குங்கள்.

சரி, உடனே இக்னிஷனை ஆஃப் செய்யுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி வெகுநேரம் ஆனில் கிடந்தால் காயில் சூடாகிக் கெட்டுப்போகும். பிறகு ஒரு சரிபார்ப்பு. நடு வயர் எர்த்திலேயே இருக்க, சாவியை ஆன் செய்து, எஞ்சினைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுத் திருப்புங்கள். வெட்டு அதே முள்ளுக்கு வரும்போது பல்பு எரிந்தால் வேலை சரி. எரிவது முள்ளுக்கு முன்பாகவோ பின்பாகவோ இருந்தால் கிளாம்ப்பைத் தளர்த்தி மீண்டும் செய்யுங்கள்.

சில லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் வேக்குவம் டப்பாவின் பக்கம் சிறு திருகு இருக்கும், அதில் ஏ, ஆர் என்று குறி போட்டிருக்கும். அட்வான்ஸும் ரிடார்ட்டும்தான். கிளாம்ப்பைத் தொடாமலே நுணுக்கமாகச் சரிசெய்ய அது உதவும். வேலை தொடங்கும்போது அதை நடுவில் வைத்துவிடுவது வசதி.

ரோட்டில்

எல்லாவற்றையும் மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். அப்புறம் போக்குவரத்து இல்லாத ஒரு மேட்டில், டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். டப்பாவில் சில்லறையைக் குலுக்குவதுபோல் உலோகச் சத்தம் வந்து நீடித்தால் அட்வான்ஸ் கூடிவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றும் திசையில் மயிரிழை நகர்த்துங்கள். சத்தமே இல்லாமல், ஆனால் இழுப்பும் இல்லாமல் இருந்தால் எதிர்ப்பக்கம் மயிரிழை. ஒவ்வொரு முறையும் கொஞ்சமே நகர்த்தி, அதே மேட்டில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். நாக்கிங் வராத எல்லையில் நன்றாக இழுக்கும் இடம் கிடைத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். நீங்கள் போடும் பெட்ரோல் மாறினாலும் இந்த எல்லை சற்று மாறும், அதனால் கையேட்டு எண்ணைவிட ரோட்டில் வண்டி சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

புதிய பாயிண்ட் போட்டிருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் குதி கேமோடு பொருந்தித் தேய்ந்திருக்கும். அப்போது கேப்பைக் கழற்றி இடைவெளியை மறுபடி அளந்து பாருங்கள். 0.014-க்குக் கீழே போயிருந்தால் திரும்ப வைத்துவிட்டு, பல்பைக் கட்டி டைமிங்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.