வர்க்கமூலத்தைச் சுருக்கும்போது சறுக்கும் இடங்கள்

குன்னூரில் மாலை வேளைகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். வர்க்கமூலம் என்றால் பலகையில் முதலில் 208 என்று எழுதுவேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயில் பாதையில் உள்ள வளைவுகளின் எண்ணிக்கை அது.

√208ஐச் சுருக்கச் சொன்னால் பலரும் 4ஆல் வகுத்து, 2√52 என்று எழுதிப் பேனாவை மூடிவிடுகிறார்கள். மதிப்பில் பிழையில்லை, வேலைதான் முடியவில்லை. 52 = 4 × 13. இன்னொரு 2 வெளியே வரவேண்டும், விடை 4√13. அந்தப் பாதையில் குகைகள் 16. 208 = 16 × 13 என்று பிடித்துவிட்டால் ஒரே வரியில் முடிந்துவிடும். அதனால் 4 வகுத்ததும் நின்றுவிடாமல் 9, 16, 25, 36 என முழு வர்க்க எண்களை மேலே போய்ப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு. ஒரு மாணவி இதைச் சரியாகப் போட்டாள்; அடுத்து √72க்கு 2√18 வரை வந்து, 18 = 9 × 2 என்று பிரித்து, 5√2 என முடித்தாள். "போன கணக்கிலும் கூட்டித்தானே சார் எழுதினேன்?" என்றாள். உண்மைதான். 2 + 2, 2 × 2 இரண்டும் 4 என்பதால் அங்கே தவறு மறைந்துகொண்டது. 2√18 என்பது 2 × √18. வெளியே வரும் 3, அங்கே இருக்கும் 2ஐப் பெருக்கும், விடை 6√2. சந்தேகமானால் வர்க்கப்படுத்துங்கள்: 25 × 2 = 50, 36 × 2 = 72. எது சரி என்று எண்ணே சொல்லிவிடும். இப்போதெல்லாம் 208ஐ முடித்த கையோடு 72ஐயும் போடவைக்கிறேன்.

சிலர் 36ஐ அப்படியே வெளியே கொண்டுவந்து 36√2 என்பார்கள். √72 என்பது 9ஐவிடச் சிறியது. 36√2 ஐம்பதைத் தாண்டுகிறது. கூட்டலைப் பிரிப்பதும் கூடாது: √(36 + 64) என்பது 10, 6 + 8 அல்ல. பிரிப்பது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும்தான் செல்லும்.

ஒற்றைப்படை எண்ணைக் கண்டதும் 'சுருங்காது' என்று விட்டுவிடுவதும் தவறே. தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர். இலக்கங்களைக் கூட்டினால் 18, ஆகவே 9 வகுக்கும்: √2637 = 3√293. 293 பகா எண். இங்கே பேனாவை மூடலாம்.